பூட்டின் ஆயுள்: சி மொழியில் ஒத்திசைவுப் பொருள்களின் ஆக்கமும் அழிவும்

பல இழைகள் ஒரே தரவைக் கையாளும் நிரல்களைச் சி மொழியில் எழுதக் கற்பிக்கும் நூல்கள், பூட்டுவதையும் திறப்பதையும் விரிவாக விளக்கிவிட்டு, அந்தப் பூட்டு எப்போது பிறக்கிறது, எப்போது மறைகிறது என்னும் விஷயத்தை இரண்டொரு வாக்கியங்களில் கடந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கம். 1995-இல் போசிக்ஸ் நியமத்தில் சேர்ந்த இழைப் பகுதியோ, மியூடெக்ஸ் என்னும் இப்பூட்டைத் தொடங்கிவைக்க ‘இனிட்’ என்றும் முடித்துவைக்க ‘டெஸ்ட்ராய்’ என்றும் இரு செயற்கூறுகளைத் தனியே வகுத்தது. பின்னதை நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் சடங்காகவே பலர் கொள்கின்றனர். இனி எந்த இழையும் இப்பூட்டை நாடி வராது என்று நிரலர் அளிக்கும் பிரமாணமே அது என்பதும், அப்பிரமாணத்துக்கு ஆதாரத்தைப் பூட்டினிடமிருந்தே பெற இயலாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் சிக்கல் குறைவு. நிலையான மாறிக்கு ஆயத்தமான தொடக்க மதிப்பு ஒன்று உண்டு. மல்லாக் வழியே பெற்ற நினைவகத்தில் அமையும் பூட்டுக்கு இனிட் அவசியம், அது தரும் பிழை எண்ணைக் கவனிப்பதும் அவசியம். தொடங்கியதை மறுபடி தொடங்குவதும், பூட்டைப் பிரதி எடுத்து அப்பிரதியைப் பயன்படுத்துவதும் நியமத்துக்குப் புறம்பானவை.

லினக்ஸில் 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் குனு சி நூலகத்தின் மியூடெக்ஸ் 40 பைட்டுகளில் முழுவதுமாக அடங்கிவிடுகிறபடியால், டெஸ்ட்ராய் அங்கே விடுவிப்பதற்கு ஒன்றுமே இல்லை. பூட்டு செல்லாதென்று ஒரு குறி இட்டுவிட்டுத் திரும்புகிறது. அதைக் கண்டவர்கள் அந்த அழைப்பே வீண் என்று முடிவு கட்டுகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியிலோ நிரலர் கையில் இருப்பது ஒரு சுட்டி மட்டுமே. உண்மைப் பொருள் வேறிடத்தில் ஒதுக்கப்படுகிறது. அழைக்க மறந்தால் அவ்வளவு நினைவகமும் வீணே தங்கிவிடும்.

ஆயினும் முக்கியமான ஆபத்து நினைவக விரயத்தில் இல்லை. ஒரு பொருளை எத்தனை இழைகள் பயன்படுத்துகின்றன என்னும் எண்ணிக்கை அப்பொருளுக்குள்ளேயே, அதன் பூட்டின் காவலில் இருக்கிறதென்று கொள்வோம், எண்ணிக்கை இரண்டு. முதல் இழை பூட்டி, அதை ஒன்றாக்கித் திறக்கத் தொடங்குகிறது. திறத்தல் இரண்டு படிகளில் நிகழ்கிறது: முதலில் பூட்டின் எண்ணைப் பூஜ்யமாக்குதல், பிறகு யாரேனும் காத்திருப்பதாகக் குறி இருந்தால் எழுப்பும்படி கெர்னலை வேண்டுதல். இவ்விரண்டு படிகளுக்கும் நடுவே, காத்திருப்பதாகக் குறியிட்டும் இன்னும் உறங்கச் செல்லாத இரண்டாம் இழை பூட்டைப் பெற்று, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, திறந்து, டெஸ்ட்ராய் செய்து, நினைவகத்தையும் விடுவித்துவிடக்கூடும். முதல் இழையின் வேண்டுகோள் அப்போது பொருளில்லாத வெற்று முகவரிக்குச் செல்கிறது. திறந்த மறுகணமே பூட்டை அழிக்கலாம் என்று போசிக்ஸ் அனுமதிக்கிறதாகையால், எண்ணைப் பூஜ்யமாக்கிய பின் பூட்டின் உள்ளே எதையும் படிக்கலாகாது என்பது நூலகம் எழுதுவோரின் கடமையாகிறது. குனு நூலகத்திலேயே இந்தக் கடமை தவறிய பிழையொன்று நெடுநாள் இருந்தது என்பதிலிருந்து, இந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்பதை உணரலாம்.

யாரும் பிடித்திருக்கவில்லை என்று ‘ட்ரைலாக்’ மூலம் பரிசோதித்துவிட்டு அழித்தால் போதாதா என்று கேட்பார் உண்டு. போதாது. பிடித்திருப்பவனை அந்தப் பரிசோதனை காட்டும். பிடிக்க வந்துகொண்டிருப்பவனைக் காட்டாது. ஆகவே இழைகள் முடிந்தன என்பதற்குச் சான்று வெளியிலிருந்து வரவேண்டும்: நிறுத்தச் சொல்லும் கொடியை உயர்த்தி, நிபந்தனை மாறியில் காத்திருப்போர் அனைவரையும் ‘ப்ராட்காஸ்ட்’ மூலம் எழுப்பி, ஒவ்வோர் இழையையும் ‘ஜாயின்’ செய்து முடித்த பின்னரே, அந்த மாறியையும் அதன் பின் மியூடெக்ஸையும் அழிப்பது நான் பரிந்துரைக்கும் வரிசை. இழைகளைப் பிரித்து விட்டுவிட்ட நிரலில் ஜாயினுக்கு வழியே இல்லை. அங்கே மேற்கூறிய எண்ணிக்கை ஒன்றுதான் சான்று.

நிரல் முழுவதற்கும் பொதுவான பூட்டை, மெயின் முடியும் தறுவாயில் ஒழுங்கு கருதி அழிக்கும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. பிரிந்துபோன இழையொன்று அந்தக் கணத்திலும் அதை நாடக்கூடும். அழிக்காமல் விட்டால் செயல்முறை முடிகையில் இயக்கமுறைமை அதன் நினைவகம் முழுவதையும் எப்படியும் மீட்டுக்கொள்ளும்.