பழைய ‘செக்ரெட்டரி’ மேசை வாங்கப் போறீங்களா? பாலிஷைப் பார்த்து மயங்காதீங்க, டிராயரைக் கவிழ்த்துப் பாருங்க!

மூடியிருந்தால் அலமாரி மாதிரி நிற்கும். முன்பலகையை இறக்கினால் எழுதும் மேசையாகிவிடும். உள்ளே கடிதம், ரசீது வைக்கக் குட்டிக் குட்டி அறைகள், கீழே மூன்று நான்கு டிராயர்கள். இதுதான் செக்ரெட்டரி மேசை. வேலை முடிந்ததும் லேப்டாப், பேப்பர் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிடலாம் என்பதால், சின்ன பிளாட்டில் குடியிருப்பவர்களுக்கும் இதன் மேல் ஒரு கண் உண்டு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, கொச்சி மட்டாஞ்சேரி போன்ற இடங்களின் பழம்பொருள் கடைகளில் தேடினால் இப்படிப்பட்ட மேசைகள் கிடைக்கும். சிக்கல் விலையில்தான் இருக்கிறது. “சார், இது வெள்ளைக்காரன் காலத்துப் பீஸ்” என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தால், போன வருஷம் செய்த மேசைக்கு நூறு வருஷத்து விலை கொடுத்ததாக முடியலாம்.

மரத்தின் வயது வேறு, மேசையின் வயது வேறு

பொதுவாக 100 ஆண்டுகளைத் தாண்டியதை ‘ஆன்டிக்’ என்பார்கள். ‘விண்டேஜ்’ என்பது அதைவிட இளையது. இதற்குக் கறாரான வரையறை கிடையாது, விற்பவர் இஷ்டம்தான். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம்தான் ஆளைக் குழப்புவது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரம், கதவு, தூண்களில் இருந்து எடுத்த பர்மா தேக்கில் புதிதாகச் செய்த மேசை அது. அந்த மரத்துக்கு 120 வயது இருக்கலாம், மேசைக்கு இரண்டு வயதுதான். மரம் வைரம் பாய்ந்ததாக இருந்தால் அதுவும் நல்ல பொருள்தான், தாராளமாக வாங்கலாம். ஆனால் புது மேசையின் விலைக்கு வாங்க வேண்டும்.

எத்தனை வகை?

சாய்வான மூடியைத் திறந்து எழுதும் வகை 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. பிரெஞ்சு வகையில் முன்பலகை செங்குத்தாக நிற்கும். சிலவற்றின் தலைமேல் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி இருக்கும். இவற்றின் உறவுக்காரர் என்று, சுருண்டு இறங்கும் மூடி கொண்ட ‘ரோல் டாப்’ மேசையைச் சொல்லலாம். அமெரிக்காவின் ஆப்னர் கட்லர் அதற்கு 1882-ல் காப்புரிமை பெற்றார்.

இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ளது ‘கேம்பெயின்’ வகை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் முகாமுக்கு முகாம் தூக்கிச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. மூலைகளில் பித்தளைத் தகடு, வெளியே துருத்தாத கைப்பிடி, கழற்றி மாட்டும் கால்கள் இருக்கும். மேல் டிராயரின் முகப்பை இறக்கினால் எழுதும் பலகை வரும். தரையில் சம்மணம் போட்டு எழுத உதவிய நம்மூர் கணக்குப்பிள்ளை மேசையும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். ஆனால் நாற்காலி போட்டு உட்கார அது உதவாது.

கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் விஷயம்

வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். டிராயரை முழுசாக வெளியே உருவி, கவிழ்த்துப் பாருங்கள். பக்கப் பலகையும் முகப்பும் சேரும் இடத்தில், கைவிரல்களைக் கோத்ததுபோல ‘டவ்டெயில்’ இணைப்பு இருக்கும். கையால் வெட்டியது என்றால் பற்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ செய்ததாக இருக்கும்.

அடிப்பலகையில் ரம்பத் தடம் வளைவு வளைவாகத் தெரிந்தால், வட்ட ரம்பத்தில் அறுத்த மரம். 1750-ல் செய்தது என்று அதை விற்க முடியாது. அடிப்பலகை பிளைவுட் என்றால் அந்தப் பலகையாவது 20-ம் நூற்றாண்டுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது திருகாணி. ‘ஸ்டார் ஸ்க்ரூ’ எனப்படும் கூட்டல் குறித் தலை கொண்டவை 1930-களில்தான் சந்தைக்கு வந்தன. ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், ரிப்பேர் பார்த்திருப்பார்கள். எல்லாக் கீல்களிலும் அதுவே இருந்து, பக்கத்தில் பழைய ஓட்டையின் அடையாளமும் இல்லை என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

டிராயர் ஓடும் கட்டை தேய்ந்திருக்கிறதா? கைப்பிடிக்குப் பின்னால், உள்பக்கம் அடைத்த ஓட்டைகள் இருக்கின்றனவா? அப்படி இருந்தால் கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள். எத்தனையோ மழைக்காலமும் கோடையும் கண்ட பலகை குறுக்குவாக்கில் சுருங்கியிருக்கும். எழுதும் பலகையின் இரு முனைகளிலும் அடித்த சட்டம் லேசாகத் துருத்திக்கொண்டிருப்பது அதனால்தான். குறை மாதிரித் தெரியும் இது நல்ல அறிகுறி. மாறாக, யாருமே பார்க்காத அடிப்பாகமும் முதுகும் ஒரே சீராக இருண்ட சாயம் பூசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மேல் அலமாரி ஒரு மேசையுடையது, கீழ்ப்பாகம் வேறொன்றுடையது என்று சேர்த்துக் கட்டிய ஜோடிகளும் உண்டு. இரண்டின் முதுகுப் பலகையையும் பக்கவாட்டு மர ரேகையையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். இப்படிச் சேர்த்ததற்கு மதிப்பு வெகுவாகக் குறையும்.

பழைய பாலிஷைச் சுரண்டிப் புதுசாக்கலாமா? வேண்டாம். அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பிரெஞ்ச் பாலிஷ்தான் பழைய மேசைகள் பலவற்றின் முகம். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தால் அது இளகும், இன்றைய பியூ பாலிஷ் அசையாது. இதைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்!

லேப்டாப்புக்குத் தாங்குமா?

பலகையைத் திறந்து, அதைத் தாங்கும் இரண்டு கட்டைகளையும் வெளியே இழுத்து, நாற்காலியில் உட்கார்ந்தே பாருங்கள். எழுதும் உயரம் 28 முதல் 30 அங்குலத்துக்குள் இருந்தால் வசதி. முழங்கால் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், டிராயர் வைத்த மாடல்களில் காலை நீட்ட இடமிருக்காது. லேப்டாப்பின் எடை பெரிய விஷயமில்லை. முழங்கை இரண்டையும் ஊன்றிச் சாய்வதுதான் கீலைப் பிடுங்கும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது சரிப்படாது, தினம் இரண்டு மூன்று மணி நேரம் என்றால் பொருத்தம். சார்ஜர் ஒயருக்காக முதுகுப் பலகையில் ஓட்டை போட்டுவிடாதீர்கள்.

தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. வெளிறிய வெள்ளைப் பகுதியை விடாது. சின்ன ஓட்டைகள் இருந்தால் மேசைக்கு அடியில் கருப்புத் தாள் விரித்து இரண்டு நாள் விட்டுவையுங்கள். வெளிர் நிறத் தூள் புதிதாகக் கொட்டியிருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. உளு பிடித்த மேசையை மருந்தடிக்காமல் வீட்டுக்குள் ஏற்றினால் பக்கத்தில் உள்ள கட்டிலுக்கும் ஆபத்து.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

ஊருக்கு வரும்போது வாங்கி, சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகள் கடந்த கைவினைப் பொருள் ‘தொல்பொருள்’ என்ற வரையறைக்குள் வரலாம். அவற்றைத் தனிநபர் ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டியிருக்கும். ஈட்டி மரம் என்றால் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2017 முதல் அது சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2-வது பட்டியலில் உள்ளதால், எல்லை தாண்ட அதற்கான ஆவணம் தேவைப்படும். தந்தம் பதித்ததாகச் சொன்னால் கையே வைக்காதீர்கள். யானைத் தந்த வியாபாரம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எது எப்படியிருந்தாலும் வாய்ப்பேச்சோடு விடாமல், என்ன மரம், ஏறத்தாழ எந்தக் காலம், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதைக் கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் பீஸ்தான் என்று அதுவரை அடித்துப் பேசியவர் எழுதத் தயங்கினால், விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.