பாய்லர் டிக்கெட்டின் பயணம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பாகான் நக்கோடா ஓமார் தொடங்கி கோல சிலாங்கூர் வரை, குலை ஏற்றிய லோரிகள் போய் நிற்கும் செம்பனை ஆலைகளில், கையில் டிக்கெட் உள்ள ஓர் ஆள் இல்லாமல் பாய்லரில் தீ மூட்ட முடியாது. தோட்டத்து வீடுகளில் அந்த டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டி வைத்திருப்பார்கள். நீராவி இயந்திரத்தைப் பொறுப்பேற்று நடத்தத் தகுதியுள்ளவர் என்று அரசாங்கம் தரும் சான்றிதழ் அது.

அதன் வேர் செம்பனைக்கும் முந்தியது. கொதிகலன்களைச் சோதிக்க சிலாங்கூர் 1892-இலேயே சட்டம் போட்டுவிட்டது. ஆங்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தெனாமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டது அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 1917-இல். 1909 முதல் நான்கு கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் ஒரே கொதிகலன் சட்டம் வந்தது. 1914-இல் அதன் இடத்தில் வந்த சட்டம் மற்ற இயந்திரங்களையும் தழுவிக்கொண்டது.

பின்னாளில் மலேசியச் சட்டத் தொகுப்பில் பொறியாளருக்கும் டிக்கெட்காரருக்கும் அடுத்தடுத்த எண்கள் கிடைத்தன: 138 பொறியாளர் பதிவுச் சட்டம், 139 தொழிற்சாலை இயந்திரச் சட்டம். இரண்டும் 1967-இல் பிறந்தவை. முதலாவது 1972-இல் நடைமுறைக்கு வந்தது. பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ போடும் உரிமை அதன் கீழ்தான் கிடைக்கிறது. பட்டம், மூன்றாண்டு அனுபவம், தேர்வு ஆகியவற்றைக் கடந்தவர்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். 2015-இல் வந்த திருத்தம், வரைபடம் சமர்ப்பித்துக் கையெழுத்திடுபவருக்குத் தனியாகத் தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும் என்று இன்னொரு படியைச் சேர்த்தது.

இரண்டாவது சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. பாய்லர் டிக்கெட்டுகள் அதன் கீழ் வந்தன: ஸ்டீம் இன்ஜினியரில் இரண்டு கிரேடு, நீராவி இயந்திரத்தை ஓட்டும் டிரைவரில் இரண்டு கிரேடு. தீ முன்னால் நின்றவன், உதவியாளாக இருந்தவன், வருடக்கணக்கில் வேலை பார்த்துத் தேர்வில் உட்கார்ந்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு அந்தத் தேர்வு எவ்வளவு பெரிய மலை! அதையும் ஏறினார்கள்.

அவர்கள் சுமந்த பொறுப்பு சின்னதல்ல. ஷிப்ட் ஏறியதும் நீர்மட்டக் கண்ணாடியைச் சோதிக்க வேண்டும். அடிக்குழாயைத் திறந்தால் நீர் சீறி வெளியேறும். மூடியதும் மட்டம் சட்டென்று பழைய இடத்துக்கு ஏற வேண்டும். மெல்ல ஏறினால் எங்கோ அடைப்பு; கண்ணாடி காட்டுவதை நம்பக் கூடாது. நீரே தெரியாமல் போன பாய்லருக்குள் பதறிப்போய்த் தண்ணீர் விடக் கூடாது, முதலில் தீயை நிறுத்த வேண்டும். பழத்தின் நாரும் ஓடும் எரிய, குலை அவிக்கும் நீராவி அங்கிருந்துதான் போகிறது. நீர் தெரியாமல் போகும் அந்த ஒரு கணத்தில் ஆள் தவறினால் ஆலையில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து.

ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் மகனின் பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ அச்சாகிறது, முதல் கிரேடு டிக்கெட் வைத்திருக்கும் தகப்பனின் பெயர் வெறுமனே நிற்கிறது. பட்டம் இல்லாதவரை அந்த டிக்கெட் ‘ஐ.ஆர்.’ வரை கொண்டுபோய்ச் சேர்க்காது. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றை மற்றொன்றுக்குக் கீழான படியாக நாம் எண்ணுவது அநியாயம் என்றுதான் சொல்வேன். 2015-ஆம் ஆண்டின் தொழில்நுட்பவியலாளர் சட்டம் ‘டி.எஸ்.’, ‘டி.சி.’ என்ற முன்னெழுத்துகளைத் தந்து, பட்டறையில் நிற்பவருக்கும் பெயரில் ஓர் இடம் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே ஓய்வு பெற்றுவிட்ட டிரைவர்கள் எத்தனையோ பேர்.

2024 ஜூன் 1-ஆம் தேதி 139-ஆம் சட்டம் நீக்கப்பட்டது. இயந்திரங்களின் பாதுகாப்பு, வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும், இன்றைக்கும் பாய்லர் முன்னால் நிற்கத் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆள் வேண்டும்.