மருந்து எவ்வளவு, குண்டு எது?

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, நான் தாராசுரத்துக்காரன் என்பதால் ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நண்பர்கள் நினைத்திருப்பார்கள். அதற்கு என்னைவிடத் தகுதியான ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் தொடங்குவதை அந்தக் கோயிலில் இருந்தே தொடங்குகிறேன். இரண்டாம் ராஜராஜன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோயிலின் கல்லில் வாள் இருக்கிறது, வில் இருக்கிறது, யானையும் குதிரையும் இருக்கின்றன. துப்பாக்கி மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது. அந்தச் சரக்கு நம் பக்கத்துப் போர்க்களங்களுக்கு வந்து சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டில்தான்.

எனக்குத் துப்பாக்கி அறிமுகமானது அரசலாற்றங்கரையில். பள்ளிக்கூட நாட்களில், அறுவடை முடிந்த வயல்களில் கொக்கும் மடையானும் இறங்கும் காலத்தில், நரிக்குறவர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் வருவார். அவர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும் ஒரு நாட்டுத் துப்பாக்கி. நாங்கள் நாலைந்து பையன்கள் வேட்டையைப் பார்ப்பதற்காகப் போகவில்லை. அவர் துப்பாக்கிக்கு 'சோறு போடுவதை'ப் பார்க்கத்தான் போவோம். ஒரு சின்னத் தகர மூடி வைத்திருந்தார். அதில் ஒரு மூடி கரிமருந்து, குழல் வாய் வழியாக. பிறகு தேங்காய் நாரைச் சுருட்டி, நீளக் கம்பியால் இடித்து இறக்குவார். பிறகு அதே மூடியால் ஒரு மூடி ஈய ரவை. (உப்புமா ரவை அல்ல, பறவை சுடும் பொடிக்குண்டுக்கும் அதே பெயர்தான்.) அதன்மேல் மறுபடியும் கொஞ்சம் நார். கடைசியாக, குதிரை அடிக்கும் இடத்தில் ஒரு கேப்பு. அவ்வளவுதான்.

இன்னும் ஒரு மூடி மருந்து போட்டால் இன்னும் தூரம் போகுமே என்று எங்களில் ஒருவன் கேட்டான். அவர் சிரித்தார். மருந்து ஏறினால் ரவை சிதறிப் போய்விடும், கொக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும், தோள்பட்டைதான் வீங்கும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வருஷம் கழித்து வரலாறு படிக்கும்போதுதான், அந்தத் தகர மூடிக்குள் எவ்வளவு பெரிய சங்கதி இருந்தது என்று புரிந்தது.

முதலில் அந்தத் துப்பாக்கியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். பின்னாளில் வந்த ரைபிள் மாதிரி உள்ளே சுருள் வரி கிடையாது. இதில் ரவையும் போடலாம், ஒற்றைக் குண்டும் போடலாம். ரவை போட்டால், மருந்துக்கும் ரவைக்கும் ஒரே அளவு என்பதுதான் உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் கைக்கொண்ட விதி. அளவு என்றால் படி அளவு, எடை அல்ல. ஈயம் கனமானது, ஒரு மூடி ரவை ஒரு மூடி மருந்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு எடை இருக்கும். மருந்து மிஞ்சினால் ரவைக்கூட்டம் வளையமாக விரிந்து நடுவில் ஓட்டை விழும். ரவை மிஞ்சினால் வேகம் குறையும், குழலுக்குள் அழுத்தம் ஏறும், பழைய குழலாக இருந்தால் பிளந்தும் போகும். அரசலாற்றங்கரைப் பெரியவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் அந்தச் சம அளவில் நின்றிருந்தார்.

ஒற்றைக் குண்டு என்றால் வேறு சிக்கல். குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற குண்டைப் போட்டால் முதல் வெடி நன்றாகப் போகும். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத்தான் மிஞ்சும். நாலு வெடிக்குள் குழலில் கசடு ஏறி, ஐந்தாவது குண்டு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். எதிரி ஓடி வரும்போது இது நடந்தால் கதை முடிந்தது. அதனால் குண்டை வேண்டுமென்றே சிறியதாக வார்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கிய மஸ்கெட் துப்பாக்கியின் குழல் விட்டம் சுமார் முக்கால் அங்குலம். குண்டின் விட்டமோ 0.69 அங்குலம்தான். ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பதினாலு குண்டு. மருந்து குண்டின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, பற்றவைக்கும் கிண்ணியில் இடும் சிட்டிகையும் அதற்குள் அடக்கம். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கொட்ட வேண்டியதுதான்.

இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? வெடித்த வாயுவில் ஒரு பங்கு குண்டைத் தள்ளாமல் பக்கவாட்டில் தப்பித்துவிடும். குண்டு குழலின் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு, பம்பரம் மாதிரி ஏதோ ஒரு திசையில் சுழன்றுகொண்டு வெளியே வரும். சுழல்கிற குண்டு காற்றில் வளைந்து போகும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். படைகள் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டதன் ரகசியம் இதுதான். வீரப் பெருமிதத்துக்காக அல்ல. அமெரிக்க விடுதலைப் போரில் ஒரு பெரிய குண்டோடு இரண்டு மூன்று ரவையும் சேர்த்துப் போட்டார்கள். ஒன்று தவறினாலும் ஒன்று படட்டும் என்று.

இந்த வளைவை முதன்முதலில் சோதனை செய்து விளக்கியவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். நம் இயற்பியல் வகுப்பில் 'பாலிஸ்டிக் பெண்டுலம்' கணக்கு போட்டது ஞாபகம் இருக்கிறதா? தொங்கும் கட்டையில் குண்டு பாய்ந்து பதியும், கட்டை எவ்வளவு உயரம் ஆடியது, குண்டின் வேகம் என்ன என்று கேட்பார்கள். உந்தமும் ஆற்றலும் குழம்பி மார்க்கைக் கோட்டை விட்டவர்களில் நானும் ஒருவன். அந்த ஊசலைப் போட்டு 1742இல் 'பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள்' என்ற நூலை எழுதியவர் இவர். போரையே ஏற்காத குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது வேடிக்கை. 1745இல் மாபெரும் கணித மேதை ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பெரிதாக உரை எழுதினார். 1746இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது.

ராபின்ஸ் அளந்து சொன்னவற்றில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம். மஸ்கெட் குண்டு குழலை விட்டு வரும்போது விநாடிக்குச் சுமார் 1,700 அடி வேகம் இருக்கிறது. அந்த வேகத்தில் காற்று சும்மா விடுவதில்லை. 24 பவுண்டு பீரங்கிக் குண்டு முழு மருந்தோடு புறப்படும்போது அதைக் காற்று தடுக்கும் விசை, குண்டின் எடையைப் போல இருபது மடங்குக்கும் மேல் என்று அவர் கணக்கிட்டார். அப்படியானால் மருந்தை அள்ளிப் போட்டு வேகத்தை ஏற்றினால் என்ன லாபம்? ஏற்றிய வேகத்தைக் கொஞ்ச தூரத்திலேயே காற்று பிடுங்கிக்கொள்ளும். பீரங்கி அதிரும், சூடேறும், வண்டி உடையும். அதுவரை குண்டின் எடையில் பாதியும் அதற்கு மேலும் மருந்து போட்டு வந்த காலத்தில், மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம் என்று அவர் வாதாடினார். நம் பெரியவர் தகர மூடியால் சொன்னதை ராபின்ஸ் ஊசலால் சொன்னார் என்று நான் எழுதினால் இயற்பியல் துறை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ரவை சிதறுவதும் காற்றுத் தடையும் ஒன்றல்லதான். ஆனாலும் அதிக மருந்து அதிக பலம் என்ற நம் மனசின் கணக்கை இரண்டு பேருமே உடைத்தவர்கள்.

இந்த மனிதர் எங்கே இறந்தார் தெரியுமா? கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக 1750இல் நம் கரைக்கு வந்தார். அடுத்த ஆண்டு, 1751 ஜூலை 29 அன்று, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் உயிர் விட்டார். வயது 44. கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஊசல் கணக்கு போட்ட எங்களுக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. இயற்பியல் ஒரு கட்டிடத்திலும் வரலாறு இன்னொரு கட்டிடத்திலும் இருந்ததால் வந்த வினை.

ராபின்ஸ் இறந்து ஏழு ஆண்டுகளில், 1758 ஜூன் 2 அன்று, அதே கோட்டை பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் சரணடைந்தது. லாலிக்கு அடுத்த குறி சென்னை. ஆனால் கையில் காசில்லை. தஞ்சாவூர் அரசர் சந்தா சாகிபுக்கு முன்னொரு காலத்தில் எழுதிக் கொடுத்த 56 லட்சம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதை வசூலிக்கலாம் என்று படையோடு காரைக்கால், நாகூர், திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு வந்தார். வழியில் கோயில்களையும் ஊர்களையும் சூறையாடியதில் மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். படைக்குச் சோறில்லை, மாடில்லை.

அரசர் பிரதாப சிங் பேச்சுவார்த்தை, தவணை என்று நாளைக் கடத்தினார். நம் பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் 'தந்திரம்' என்று எழுதிவிட்டுப் போய்விடும். எனக்கென்னவோ அவருடைய தந்திரத்தைவிட லாலியின் மருந்துப் பீப்பாய்தான் அன்றைக்கு முடிவு செய்தது என்று தோன்றுகிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் கோட்டைச் சுவரை அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் சுவரில் சிறிய பிளவும் விழுந்துவிட்டது. அந்தச் சமயத்தில் கையிருப்பை எண்ணிப் பார்த்தார்கள். பீரங்கிகளுக்கு மீதி இருந்தது சுமார் 150 வெடிக்கான மருந்து. சிப்பாய்களுக்கு ஆளுக்கு இருபது தோட்டாகூட இல்லை. பெரிய பீரங்கிகளுக்கு, கோட்டைக்குள்ளிருந்து தஞ்சாவூர்க்காரர்கள் சுட்ட குண்டுகளைப் பொறுக்கித்தான் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு பீரங்கிக்கும் பொருந்தும். அடுத்தவன் குழலுக்கு வார்த்த குண்டு நம் குழலுக்குள் இறங்குகிறது என்றாலே, அது நம் அளவுக்குச் சரியாகவோ சிறியதாகவோ இருக்கிறது என்று அர்த்தம். பெரியது உள்ளேயே போகாது. சிறியதாக இருந்தால் வாயு ஒழுகும், குறி தவறும், அதே பிளவுக்கு மேலும் மருந்து செலவாகும். மருந்துதான் அவரிடம் இல்லாத சரக்கு. இது என் ஊகம். ஆனால் 150 வெடியில் ஒரு கோட்டையைப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு லாலியின் ஆலோசனைக் கூட்டமே பதில் சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 3இல் காரைக்காலுக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலேயரிடம் அடிபட்ட சேதியும் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 10 அன்று, தஞ்சாவூர்க் குதிரைப்படை விரட்ட, முற்றுகை கலைந்தது.

அடுத்த முறை தஞ்சாவூருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1773 செப்டம்பரில் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை வந்தபோது, கோட்டையை உடைக்கத் தேவையான கனரக பீரங்கிகளும் மருந்தும் குண்டும் அவர்களிடம் இருந்தன. கோட்டை விழுந்தது, துளஜா மன்னர் சிறைப்பட்டார். 1776இல்தான் அரசு திரும்பக் கிடைத்தது.

மருந்து என்றதும் எங்கிருந்தோ வரும் சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். முக்கால் பங்கு வெடியுப்பு, மீதியில் கரியும் கந்தகமும். வெடியுப்பை மாட்டுத் தொழுவத்து மண்ணையும் ஊர் ஓரத்து உவர்மண்ணையும் கரைத்துக் காய்ச்சி எடுப்பது நம் நாட்டுப் பழந்தொழில். சரியாகச் சுத்தம் செய்யாமல் சாப்பாட்டு உப்பு கலந்துவிட்டால் மருந்து ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் அந்த மருந்தை நம்பி யாரும் சண்டைக்குப் போக முடியாது. அதனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, மருந்தின் குணத்தையும் பார்க்க வேண்டும். திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் மருந்தை விரலில் நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் உட்கார்ந்திருக்கும் ராஜகோபால பீரங்கியைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள். வார்ப்பு அல்ல, நீள நீளமான இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி இறுக்கிச் செய்தது. நீளம் சுமார் ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன், உள்வாய் விட்டம் சுமார் 63 சென்டிமீட்டர். ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள கருங்கல் குண்டு என்றால் சுமார் 300 கிலோ வரும். மூன்றிலொரு பங்கு என்றால் ஒரு வெடிக்கு 100 கிலோ மருந்து. கல்குண்டுக்குக் குறைத்துத்தான் போடுவார்கள் என்று பாதியாக்கினாலும் 50 கிலோ. சிப்பாயின் தோட்டாவுக்கு சுமார் பத்து கிராம் மருந்து. அந்தக் கணக்கில் ஐயாயிரம் தோட்டா ஒரே வெடியில் போச்சு. அது ஒரே ஒரு முறைதான் வெடித்தது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கணக்கு தெரிந்த எந்தத் தளபதியும் இரண்டாவது முறைக்கு யோசித்திருப்பார்.

நாட்டுத் துப்பாக்கி இன்னும் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. வேட்டையை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கட்டிப்போட்டது. கொக்கைப் பொறுத்தவரை நல்லதுதான். அரசலாற்றங்கரைக்கு வந்த பெரியவரின் மக்களுக்கு அதற்கு மாற்றாக என்ன கொடுத்தோம் என்று கேட்டால், பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கே 2023 வரை இழுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தகர மூடி யாரிடம் போனதோ.

இப்போது படிக்கும் மாணவர்கள் தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் பீரங்கி மேட்டுக்கும் ஏறிப் பாருங்கள். கையில் ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள். என் 63 சென்டிமீட்டர் சரிதானா என்று அளந்து சொன்னால் அடுத்த மலரில் கணக்கைத் திருத்திப் போடுகிறேன்.