திருச்சுழிச் சிறுவனின் பழைய வரைபடம்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. தண்ணீர் ஓடும் நாளைவிட மணல் தெரியும் நாள்தான் அந்த ஆற்றில் அதிகம். சுந்தரர் பாடிய பூமிநாதர் கோயில் உள்ள இந்த ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வக்கீலாக இருந்தவர் சுந்தரம் ஐயர். 1879 டிசம்பர் 30இல் அவருக்குப் பிறந்த வேங்கடராமன்தான் பிற்பாடு ரமண மகரிஷி.

ஒருமுறை கேட்ட தமிழ்ப் பாடத்தை அப்படியே ஒப்பிப்பான் பையன். படிப்பில் அக்கறைதான் கிடையாது. இத்தனை மனப்பாடமும் அவனை அசைக்கவில்லை. அசைத்தது ஒரே ஒரு பெயர்.

‘அருணாசலம்’ ஏதோ பெரிய விஷயம் என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்திருந்தது. அது ஓர் ஊர் என்று தெரியாது. 1892இல் தந்தை இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனான். 1895 நவம்பரில், திருச்சுழியில் பழகிய முதிய உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அது எங்கே என்று திகைத்துக் கேட்டவனுக்கு, திருவண்ணாமலைதான் என்று விளக்கினார்.

இப்படிக் கேட்கும் புதுச் செய்தியைப் பதிய வைப்பதில் மூளையின் ஹிப்போகாம்பஸுக்கு முக்கியப் பங்கு உண்டு. மனம் அதிரும் நேரத்தில் அமிக்டலா அந்தப் பதிவை ஆழமாக்குகிறது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒட்டிக்கொள்ளும் செய்தி சுலபத்தில் நிலைக்கும். இட நினைவுக்கு வந்தால், எலிகள் தலைக்குள் வழிப்படம் வைத்திருக்கின்றன என்று 1948இல் எட்வர்ட் டோல்மன் எழுதினார். குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் துடிக்கும் செல்களை 1971இல் ஹிப்போகாம்பஸில் காட்டிய ஜான் ஓகீஃபுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. வேங்கடராமனின் மூளைக்குள் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. அவனது பயணக் கணக்கு மட்டும் அணா சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது.

1896 ஜூலையில் மரண பயம் வந்து, பிணம்போல் படுத்துப் பார்த்தபின் பாடம் முற்றிலும் கசந்தது. ஆகஸ்ட் 29இல், ஆங்கில இலக்கணத்தை மூன்று முறை எழுதச் சொன்ன தண்டனையைப் பாதியில் விட்டான். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாய் எடுத்துக்கொண்டான். திருவண்ணாமலைக்கு வழி தேடிப் பழைய அட்லஸைப் புரட்டினான். அருகிலுள்ள ஸ்டேஷன் திண்டிவனம் என்று அது காட்டியது. டிக்கெட் 2 ரூபாய் 13 அணா.

அட்லஸுக்குப் பின் போட்ட ரயில் பாதை அதில் எப்படி இருக்கும்? விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று ரயிலில் ஒரு மௌல்வி திருத்தினார். அங்கே இறங்கியவனிடம் மிஞ்சிய சில்லறை மாம்பழப்பட்டு வரைதான் போதுமானதாக இருந்தது. மேலே நடை. கீழூரில் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். மீட்பதற்காக எழுதி வாங்கிய விலாசச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்.