நீதிபதிக்குப் பாடம் எடுப்பது யார்?

மறைமலை நகர்ல மின்சார ரயில் ஏறினா மூணாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. அங்கே செஷன்ஸ் கோர்ட்ல உட்கார்ந்திருக்கிற நீதிபதி இன்னைக்கு ரெண்டு சட்டத்தை மனசுல வச்சுக்கணும். 2024 ஜூலை 1-க்கு முன்னாடி நடந்த கொலைன்னா இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 302. அந்தத் தேதியில இருந்து நடந்த கொலைன்னா பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 103. நாம கிண்டலுக்குச் சொல்ற 420 கூட இப்போ 318 ஆயிடுச்சு. வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆனவரும் திரும்பப் படிச்சாகணும். அவருக்கு யார் சொல்லித் தர்றாங்க?

இந்தக் கேள்வி நம்ம ஊருக்குப் புதுசில்ல. தமிழின் முதல் நாவலை எழுதியவர்னு நாம பள்ளியில படிச்ச மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தொழிலால் ஒரு முன்சீஃப். அவர் காலத்துல மேல்கோர்ட்டான சதர் அதாலத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்துல இருந்தன. ஆங்கிலம் தெரியாதவங்களுக்கு அதுல என்ன இருக்குன்னே தெரியாது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளை அவர் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862-ல் புத்தகமாகப் போட்டார். நீதிமன்றத்துல வேலை பார்த்த ஒருத்தர், அந்த உலகத்துக்கே தயாரிச்சுக் கொடுத்த பாடப்புத்தகம்னு அதைச் சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நீதிபதிகளுக்கான பயிற்சி நாடு முழுக்க ஒரே மாதிரி அமையல. 1986-ல் சட்ட ஆணையம் தன்னோட 117-வது அறிக்கையை இதுக்காகவே எழுதியது. 1991-ல், அகில இந்திய நீதிபதிகள் சங்கம் போட்ட வழக்குல, மத்தியில ஒண்ணு, மாநிலத்துக்கு ஒண்ணுன்னு பணியிடைப் பயிற்சி நிறுவனம் வேணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்புல நீதிபதி வீட்டுல ஒரு நூலகம் இருக்கணும்னும் சொன்னாங்க. போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி வந்தது. 2001-ல் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி வந்தது. இப்போ அது சென்னையில கிரீன்வேஸ் சாலையில இருக்கு. கோவை, மதுரையில மண்டல மையங்கள்.

அரசாங்கமே நேரடியா வகுப்பு எடுத்தா என்னன்னு கேட்கலாம். கோர்ட்டுக்கு அடிக்கடி வர்ற கட்சிக்காரரே அரசாங்கம்தான். வழக்காடுறவரே நீதிபதிக்கு வாத்தியாரா இருக்க முடியாது இல்லையா? அதனாலதான் மாநில அகாடமி உயர் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கு.

ஆனா அதுல இன்னொரு சிக்கல் இருக்கு. நீதிபதிகளுக்கு நீதிபதிகளே சொல்லித் தந்தா, அவங்க எல்லாருக்குமே தெரியாத ஒரு விஷயம் எப்படி உள்ளே வரும்?

2021-ல் அது நடந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், பெற்றோர் எதிர்ப்பால் சென்னைக்கு வந்து போலீஸ் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனாங்க. வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன் மனசுலயும் முன்முடிவுகள் இருக்குன்னு தன் உத்தரவிலேயே பதிவு செய்தார். பிறகு, தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி, ஓர் உளவியலாளர்கிட்ட மாணவரா உட்கார்ந்தார். ஜூன் 7-ம் தேதி வந்த தீர்ப்பு, இவர்களைப் போன்றவங்களை 'மாற்றுறதா' சொல்ற சிகிச்சைக்குத் தடை சொன்னது. போலீஸ், பள்ளிக்கூடம் மட்டுமல்ல, எல்லா நிலையிலும் உள்ள நீதிபதிகளுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி வேணும்னு சொன்னது. அகாடமி வகுப்புல எத்தனை பிரிவு எண்ணைப் படிச்சிருந்தாலும் இந்தப் பாடம் கிடைச்சிருக்காது. அந்த மேடையில இருந்து இறங்கி வெளியாள்கிட்ட கேட்டதாலதான் கிடைச்சது.

கேட்கிறவங்கள்ல சட்டக் கல்லூரி மாணவர்கள் இருந்தா, இது உங்களுக்கு. படிச்சு முடிச்ச உடனே முன்சீஃப் தேர்வு எழுதலாம்னு 2002-ல் உச்ச நீதிமன்றம் வழி விட்டிருந்தது. நல்ல பயிற்சி கொடுத்தா போதும்னு அப்போ நினைச்சாங்க. 2025 மே 20 அன்று அதே நீதிமன்றம், முதல்ல மூணு வருஷம் வக்கீலா நின்னுட்டு வாங்கன்னு மாத்திடுச்சு. வகுப்பறை தர முடியாததைக் கட்சிக்காரங்க தருவாங்கங்கிற கணக்கு அது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் அந்த மூணு வருஷத்தை எந்த வருமானத்துல ஓட்டுவாங்கன்னு கேள்வி இருக்கு. உங்க பதிலை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.