வேதநாயகம் பிள்ளையின் எழுத்துப் பணியும் சமய நோக்கும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கக் கிறித்தவர். 1879ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுகின்றது. ஆயினும், அந்நாவலில் அன்புகொண்டு மணம்புரியும் பிரதாபனும் ஞானாம்பாளும் இந்துக் குடும்பத்தினராகப் படைக்கப்பட்டிருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது.

இதனால் ஆசிரியர் தம் சமயத்தை மறைத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தம் சமயத்தார்க்கெனச் சத்தியவேதக் கீர்த்தனையையும், எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகச் சர்வ சமய சமரசக் கீர்த்தனையையும் அவர் தனித்தனியே இயற்றினார். எந்நூல் எவர்க்குரியது என்னும் தெளிவு அவரிடம் இருந்ததாகவே நாம் கருதுகின்றோம்.

நாவலைப் பொதுவாசகர்க்கென்றே அவர் எழுதினார். மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய அனுபவமும் அதில் இடம்பெற்றுள்ளது; தமிழ் வழங்கும் நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை அந்நாவல் கண்டிக்கின்றது. கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆணுடையில் நாடாளுகின்றாள். பெண்கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை' இயற்றியவர், அக்கருத்தையே இங்குக் கதையாக்கினார் எனலாம். 1887இல் வெளிவந்த 'சுகுணசுந்தரி'யும் பெண்ணின் பெயரையே தலைப்பாகக் கொண்டது.

கதைப்போக்கைத் தடுக்கும் அளவிற்கு அறவுரை மிகுந்துள்ளது என்னும் குறையை மறுத்தற்கில்லை. எனினும், வகுப்பறையில் இதனை 'முதல் நாவல்' என்னும் ஆண்டுக் கணக்கோடு நிறுத்திவிடுதல் போதாது. தம் சமயத்தார் அல்லாதாரின் வாழ்வையும் பரிவோடு எழுதும் மரபு தமிழ் நாவலுடன் உடன்பிறந்தது என்பதையும் நாம் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.