வன்தட்டும் இடைமுகமும்: வாசிப்பறிவின் ஒரு சிறு வரலாறு

சென்ற மாதம் எங்கள் துறை அலமாரியில் பழைய வன்தட்டு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் களப்பணியில் பதிவான பேச்சுகள் அதில் உள்ளன என்று மேலே ஒட்டியிருந்த தாள் கூறியது. ஆனால், அதை இணைக்க ஆய்வகக் கணினி எதிலும் இடமில்லை. தட்டு பழுதாகவில்லை, அதன் 40 ஊசி இணைப்பு வழக்கொழிந்திருந்தது.

வன்தட்டின் வரலாற்றைக் கொள்ளளவின் வளர்ச்சியாகக் கூறுவதே வழக்கம். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் சுழன்றன. அவை கொண்டவை 50 இலட்சம் எழுத்துகள். 1980இல் சீகேட்டின் எஸ்டி-506, 5 மெகாபைட்டை 5.25 அங்குலப் பெட்டிக்குள் அடக்கியது. ஆவணங்களைக் காப்போருக்கு முதன்மையான வினா வேறு: தட்டில் உள்ளதை வாசிக்கும் அறிவு எங்கே உறைகிறது?

எஸ்டி-506இல் அவ்வறிவு தட்டுக்கு வெளியே, கணினியின் கட்டுப்பாட்டு அட்டையில் இருந்தது. தரவைக் காந்தக் குறிகளாக மாற்றும் முறையை அட்டையே தீர்மானித்தது. எனவே ஓர் அட்டை எழுதியதை வேறுவகை அட்டையால் வாசிக்க இயலாமற்போவதுண்டு. 1980களின் நடுவில் உருவான ஐடிஇ முறை அட்டையின் பணியைத் தட்டுக்குள்ளேயே சேர்த்தது. 1986இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கஸி, ஒரே வடத்தில் பல கருவிகளை இணைத்ததால் வழங்கிகளில் நிலைபெற்றது.

ஐடிஇ வடத்தில் 16 பிட்டுகள் இணையாகச் சென்றன. வேகம் கூடியபோது அவை ஒரே கணத்தில் சென்றடைவதை உறுதிசெய்வது கடினமாயிற்று. 2003இல் வந்த சாட்டா, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. வடம் மாறினும் கட்டளைத் தொகுதி பெரிதும் தொடர்ந்தது. மொழி மாறாமல் எழுத்து மட்டும் மாறியதற்கு இதை ஒப்பிடலாம். 2011இன் என்விஎம்இயோ, சுழலும் பகுதியற்ற ஃபிளாஷ் நினைவகத்துக்கெனக் கட்டளைகளையே புதிதாக வகுத்தது.

அசோகரின் கல்வெட்டுகள் கல்லில் நிலைத்திருந்தும், 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்தறியும் வரை பல நூற்றாண்டுகள் பொருள் விளங்காமலே இருந்தன. பொருள் எஞ்சியிருப்பதும் வாசிப்பு எஞ்சியிருப்பதும் ஒன்றல்ல.

எங்கள் தட்டு ஐடிஇ வகையினது. வாசிப்பறிவு அதனுள்ளேயே இருந்தமையால், யூஎஸ்பிக்கு மாற்றும் சிறு இணைப்பி ஒன்றே போதுமானதாயிற்று. பெரும்பாலான கோப்புகள் திறந்தன, சில சிதைந்திருந்தன. அவற்றில் பேசிய முதியோர் சிலர் இன்று இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்டுப் பதிவுசெய்ய வழியில்லை.

களப்பதிவுகளைக் கையாளும் நண்பர்கள் தத்தம் அலமாரிகளை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன். தட்டின் வகையையும் இணைப்பையும் குறித்துவையுங்கள். இணைப்பிகள் கிடைக்கும் காலத்திலேயே படியெடுங்கள். எஸ்எஸ்டியில் மாற்றிவிட்டால் கவலையில்லை என்றும் எண்ண வேண்டா. நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் அதன் மின்னூட்டம் கசியும். வேறுவேறு வகைச் சாதனங்களில் படிகளை வைத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதையும் நம் ஆய்வுப் பணியின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.